வளவு அறையில் எவ்வளவு சாமான், எவ்வளவு தீ? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு தீச்சுமைக் கணக்கு

செட்டிநாட்டு வீட்டில் தீயைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது பர்மா தேக்குத் தூண்கள்தான். "இவ்வளவு மரம் இருக்கே, பத்திக்கிட்டா என்ன ஆகும்?" என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் அந்தத் தூணைவிட, வளவை (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியை) ஒட்டிய பூட்டிய அறைக்குள் அடைத்து வைத்திருக்கும் மெத்தையும் சேலைக் கட்டும் பழைய பேரேடும் ஃபோம் சோபாவும்தான் எனக்குக் கவலை தருகின்றன. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இன்ச் டேப், நோட்டு, பேனா போதும். ஓர் அறைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கணக்குக்குள் போகுமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் எரியக்கூடிய சாமான் எவ்வளவு என்பது (இதைத்தான் தீச்சுமை என்கிறோம்), தீ எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு மூர்க்கமாக எரியும் என்பதைப் பெரும்பாலும் கதவும் சன்னலும் தீர்மானிக்கும். எவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்பது சாமானின் உருவத்தைப் பொறுத்தது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தூணுக்குப் பயந்துவிட்டுச் சோபாவை விட்டுவிடுகிறோம்.

முதல் படி: அறையை அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம். பிறகு கதவின் அகலமும் உயரமும், சன்னலின் அகலமும் உயரமும். அடியில் அளந்தால் 0.305-ஆல் பெருக்கி மீட்டராக்குங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (திருமணமான மகனின் குடும்பத்துக்கும்) பிரித்துக் கொடுத்த அறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 அடிக்கு 12 அடி, உயரம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு. தரைப்பரப்பு ஏறக்குறைய 11 சதுர மீட்டர், கன அளவு 36 கன மீட்டர். கதவு இரண்டரை அடி அகலம், ஆறடி உயரம். சன்னல் இரண்டரை அடிக்கு மூன்றரை அடி. இந்த அறையை வைத்தே கடைசிவரை போவோம்.

இரண்டாம் படி: எரிவதையும் எரியாததையும் பிரியுங்கள்

ஆத்தங்குடித் தரை எரியாது. சுண்ணாம்புப் பூச்சு, கருங்கல், எனாமல், எவர்சில்வர் எதுவும் எரியாது. சொந்தத்தில் ஓர் ஆச்சி வீட்டில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பித்தளையெல்லாம் உருகிருமா தம்பி?" என்று கேட்டார்கள். "பித்தளையை விடுங்க ஆச்சி, அதைச் சுத்தி வச்சிருக்கிற வைக்கோலும் கோணியும் பேப்பரும்தான் எரியும்" என்றேன். சீர் சாமான் அறைகளின் நிலைமை இதுதான். உள்ளே இருக்கிற விலைமதிப்புள்ள பொருளுக்குத் தீச்சுமை இல்லை. அதைப் பாதுகாக்கச் சுற்றிய குப்பைக்கு உண்டு.

எரியும் சாமானை ஐந்தாகப் பிரித்தால் போதும். மரம், துணியும் பஞ்சும், தாள், பிளாஸ்டிக், ஃபோம். ஓலைக் கொட்டான், தடுக்கு, பாய் எல்லாம் மரத்தோடு சேரட்டும். எண்ணெய்க்கும் கேஸுக்கும் தனியாகப் பின்னால் வருவோம்.

மூன்றாம் படி: எடை போடுங்கள்

தராசு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. மர பீரோவைத் தூக்கி எடை போட முடியாது. பலகையின் நீளம், அகலம், கனம் அளந்து கன அளவு கண்டுபிடித்து, தேக்குக்குக் கன மீட்டருக்கு 650 கிலோ என்று பெருக்கிவிடுங்கள். தாளுக்கு ஒரு அளவுகோல்: 500 தாள் கொண்ட ஏ4 கட்டு இரண்டரைக் கிலோ, கனம் இரண்டு அங்குலம். பழைய கணக்குப் பேரேடுகளையும் அந்தக் கனத்தை வைத்தே மதிப்பிடலாம். துணியைக் குளியலறைத் தராசில் மூட்டையாக வைத்துப் பார்க்கலாம்.

நம் எடுத்துக்காட்டு அறையில் பீரோவும் கட்டிலும் சேர்ந்து மரம் 160 கிலோ, இலவம்பஞ்சு மெத்தையும் துணிமணியும் 85 கிலோ, பேரேடும் பழைய தாளும் 80 கிலோ, பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, குடம் 10 கிலோ, சோபாவின் ஃபோம் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிகை இல்லை. இதைவிட நெருக்கமாக அடைத்த அறைகள் ஊருக்குப் பத்து இருக்கும்.

நான்காம் படி: வெப்பமாக மாற்றுங்கள்

ஒவ்வொரு பொருளும் ஒரு கிலோ முழுதாக எரிந்தால் எவ்வளவு வெப்பம் தரும் என்பது தெரிந்த கணக்கு. மரம் 18 மெகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு), பருத்தியும் பஞ்சும் ஏறக்குறைய அதே அளவு, தாள் 17, பாலியூரித்தேன் ஃபோம் 25, வாளிக்கும் நாற்காலிக்கும் பயன்படும் பிளாஸ்டிக் 43-க்கு மேல்.

மரம் 160 × 18 = 2,880. துணி 85 × 18 = 1,530. தாள் 80 × 17 = 1,360. பிளாஸ்டிக் 10 × 43 = 430. ஃபோம் 12 × 25 = 300. கூட்டினால் 6,500 மெகாஜூல். அதை 11 சதுர மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 590 மெகாஜூல். இதுதான் அந்த அறையின் தீச்சுமை. எல்லாவற்றையும் மரமாக மாற்றிச் சொன்னால் 361 கிலோ மரம், சதுர மீட்டருக்கு 33 கிலோ.

இது அதிகமா, குறைவா? ஐரோப்பியக் கட்டிட விதியில் வீடுகளுக்கான சராசரி 780 மெகாஜூல், நூலகத்துக்கு 1,500, அலுவலகத்துக்கு 420. இந்தியத் தரமான ஐ.எஸ். 1641, சதுர மீட்டருக்கு 2,75,000 கிலோகலோரி வரை, அதாவது 1,150 மெகாஜூல் வரை, குறைந்த தீச்சுமை என்று வகைப்படுத்துகிறது. ஆக, நம் அறை எந்த அளவுகோலிலும் சாதாரண அறைதான். பேரேடும் புத்தகமும் சுவரோடு சுவராக அடுக்கிய அறை நூலகக் கணக்குக்குப் போய்விடும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எவ்வளவு நேரம் எரியும்?

1928-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த இங்பெர்க் என்பவர், உண்மையான அறைகளில் சாமானை அடுக்கி எரித்துப் பார்த்து ஒரு தொடர்பைச் சொன்னார்: சதுர அடிக்கு 10 பவுண்டு எரிபொருள் இருந்தால், அது கட்டிடப் பாகங்களுக்கு உலையில் நடத்தும் ஒரு மணி நேரத் தீச்சோதனைக்குச் சமம். நம் அளவில் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. நம் அறையில் 33 கிலோ. அப்படியானால் சுமார் 40 நிமிடம்.

இங்பெர்க்கின் கணக்கில் ஒரு குறை உண்டு. கதவைப் பற்றி அது பேசவே இல்லை. அதை 1958-இல் ஜப்பானின் கவகோயே சரிசெய்தார். நன்றாகப் பற்றிய அறையில் நிமிடத்துக்கு எத்தனை கிலோ மரம் எரியும் என்பதற்கு அவர் தந்த சூத்திரம் எளிமையானது: திறப்பின் பரப்பை அதன் உயரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை 5.5-ஆல் பெருக்குங்கள்.

நம் கதவு 0.76 மீட்டர் அகலம், 1.83 மீட்டர் உயரம். பரப்பு 1.39. உயரத்தின் வர்க்கமூலம் 1.35. பெருக்கினால் 1.88. அதை 5.5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோ. சன்னல் சாத்தி, கதவு மட்டும் திறந்திருந்தால் 361 கிலோ எரிய 35 நிமிடம் ஆகும். சன்னலும் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 15 கிலோ, 24 நிமிடத்தில் முடியும்.

இப்போது அதே அறையில் இரண்டு மடங்கு சாமானை அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். கதவு அதேதான். நிமிடத்துக்கு எரிவது அதே 10 கிலோதான். நேரம் மட்டும் 70 நிமிடமாகிறது. சாமான் கூடினால் தீ இரண்டு மடங்கு கொழுந்துவிடும் என்று நினைப்பது இங்கேதான் பொய்யாகிறது. காற்று நுழையும் வழி எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே எரியும்.

அதனால் சாமானை எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 35 நிமிடம் தாங்கும் உத்தரம் 70 நிமிடம் தாங்காது. இன்னொரு சங்கதி அதைவிட முக்கியம். உள்ளே இருக்கும் காற்றுக்கு ஏற்ப எரிந்தது போக, சூட்டில் ஆவியாகி வந்த எரியாத வாயு கதவு வழியே வெளியே வரும். வளவுத் தாழ்வாரத்தில் காற்று கிடைத்ததும் அங்கே எரியும். ஒரு கிலோ மரம் எரியச் சுமார் 6 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ பாலித்தீனுக்கு 14 கிலோவுக்கு மேல் வேண்டும். பிளாஸ்டிக் அதிகமுள்ள அறையில் உள்ளே எரிய முடியாமல் வெளியே வரும் பங்கு அதிகம். தாழ்வாரத்து மரக் கைகளும் ஓட்டுக்கு அடியில் ஓடும் சட்டங்களும் அப்போதுதான் முதல் தடவையாகத் தீயைச் சந்திக்கின்றன. அறைத் தீ வீட்டுத் தீயாக மாறுவது பெரும்பாலும் அந்த அறைக் கதவின் வாசலில்தான்.

ஆறாம் படி: கதவைச் சாத்திய அறைக்குத் தனிக் கணக்கு

முழுதாகச் சாத்திய அறையில் 36 கன மீட்டர் காற்று, எடை 42 கிலோ போல. ஒரு கிலோ காற்று செலவானால் ஏறக்குறைய 3 மெகாஜூல் வெப்பம் வரும். எரிவது மரமானாலும் துணியானாலும் பிளாஸ்டிக்கானாலும் இது அதிகம் மாறாது. காற்று முழுவதும் செலவானால்கூட 7 கிலோ மரம்தான் எரியும். ஆனால் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும்போதே கொழுந்து அணையத் தொடங்கிவிடும். ஆக உண்மையில் எரிவது இரண்டு, இரண்டரைக் கிலோ. 361 கிலோ சாமானில் இரண்டரைக் கிலோ!

ஒரு ரூபாய் செலவில்லாத தீத்தடுப்பு இதுதான்: இரவில் படுக்கும்போது அறைக் கதவைச் சாத்துங்கள். தீயைக் கண்டு வெளியே ஓடும்போதும் பின்னால் சாத்திவிட்டு ஓடுங்கள். நம் வீடுகளின் தேக்குக் கதவு அதற்கென்றே செய்தது போல இருக்கும். தேக்கு நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கரியாகும். ஒன்றரை அங்குலச் சட்டம் அரை மணி நேரத்துக்கும் அசராது. நடுவில் பதித்த மெல்லிய பலகையும், கீழே இருக்கும் இடுக்கும்தான் பலவீனம்.

பழைய கதவுக்கு மேலே வெளிச்சத்துக்காக விட்ட கம்பித் திறப்பு இருந்தால் இந்தக் கணக்கு தளரும். அதை மூடச் சொல்லமாட்டேன். வெயில் காலத்தில் அந்த அறையில் மனிதர் இருக்க முடியாது. இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

சாத்திய அறையில் கொழுந்து அணைந்தாலும் கனல் அணையாது. இலவம்பஞ்சும் பருத்தியும் குறைந்த ஆக்சிஜனிலும் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். உரிமையாளர் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, காவலுக்கு ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் இது யாருக்கும் தெரியாமல் நடக்கும். அப்புறம் ஒருவர் வந்து கதவைத் திறக்கிறார். சூடான வாயு நிறைந்த அறைக்குள் புதுக் காற்று பாய்ந்து, அறை முழுதும் ஒரே வீச்சில் பற்றி, தீ கதவு வழியே அவர் மேலேயே சீறும். தீயணைப்புத் துறையினர் பேக்டிராஃப்ட் என்று சொல்வது இதைத்தான்.

அடையாளங்கள் உண்டு. கதவு தொட்டால் சுடும், அல்லது கொண்டி சுடும். கொழுந்து தெரியாது, ஆனால் இடுக்கில் புகை வெளியே வந்து மறுபடி உள்ளே இழுக்கும். சன்னல் கண்ணாடி உள்பக்கம் கறுத்து எண்ணெய் பூசியது போல இருக்கும். இப்படிக் கண்டால் திறக்கவே கூடாது. காவலுக்கு இருப்பவருக்கு இதை வாயால் சொல்லுங்கள், முடிந்தால் எழுதி ஒட்டுங்கள். அவர் நல்லெண்ணத்தோடு முதலில் செய்யப்போவது கதவைத் திறப்பதாகத்தான் இருக்கும்.

ஏழாம் படி: சாமானின் உருவத்தைப் பாருங்கள்

இப்போது தூணுக்கு வருவோம். ஓரடி விட்டம், பத்தடி உயரம் உள்ள தேக்குத் தூண் 145 கிலோ. வெப்பக் கணக்கில் 2,600 மெகாஜூல்; பயமுறுத்தும் எண். ஆனால் நிமிடத்துக்கு 0.6 மில்லிமீட்டர் என்று வைத்தால், அரை மணி நேரத் தீயில் கரியாவது வெளிப்பக்கத்து 18 மில்லிமீட்டர்தான், அதாவது 32 கிலோ. மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் கவசம். மீதி 113 கிலோ தூண் நின்று மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதே 145 கிலோ தேக்கைச் சீவல் சுருளாகவும் மெல்லிய ரீப்பராகவும் போட்டு வைத்தால் சில நிமிடத்தில் முழுதும் பற்றிவிடும். எடை ஒன்றுதான். காற்றுப்படும் பரப்பு வேறு.

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: கனமானது, மெல்லியது, தொங்குவது. திரைச்சீலை, கொடியில் தொங்கும் சேலை, பிளைவுட் அலமாரி, தனித்தனித் தாள், ஃபோம் இவையெல்லாம் சீக்கிரம் பற்றுபவை. இறுக்கிக் கட்டிய பேரேடு ஓரம்தான் கருகும். பட்டும் கம்பளியும் சிரமப்பட்டுத்தான் எரியும். பருத்திக் கண்டாங்கிக்கு அந்தச் சிரமம் இல்லை.

இதில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் ஃபோம் சோபாவுக்குத்தான். அறை முழுவதும் ஒரே சமயத்தில் பற்றும் நிலை ஒன்று உண்டு, ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். கூரைக்கடியில் புகை 600 டிகிரியை எட்டும்போது, கீழே தொடப்படாத சாமானும் அந்த அனலிலேயே பற்றிவிடும். அதன் பிறகு உள்ளே யாரும் பிழைக்க முடியாது. பிரிட்டனின் பிலிப் தாமஸ் 1981-இல் தந்த சூத்திரப்படி, அதற்கு எத்தனை கிலோவாட் தீ வேண்டும் என்று பார்க்கலாம்: அறையின் உள்பரப்பை 7.8-ஆலும், ஐந்தாம் படியில் கதவுக்கு நாம் கண்ட 1.88-ஐ 378-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். நம் அறையின் சுவர், தரை, கூரை சேர்ந்து 65 சதுர மீட்டர். 508 + 711, ஆக 1,200 கிலோவாட் போல வருகிறது. ஃபோம் வைத்த ஒரு சோபா மட்டும் உச்சத்தில் 1,000 முதல் 3,000 கிலோவாட் வரை போகும். 6,500 மெகாஜூலில் ஃபோமின் பங்கு 300 தான். ஆனால் மற்ற 6,200-ஐயும் தட்டி எழுப்பிவிட அது ஒன்றே போதும். தீச்சுமை என்ற ஒற்றை எண்ணை மட்டும் நம்பினால் இதைக் காணவே மாட்டோம்.

நம் வீடுகளின் உயரமான கூரையும் கனத்த சுண்ணாம்புச் சுவரும் இங்கே கொஞ்சம் உதவுகின்றன. புகை மேலே தேங்கிக் கீழே இறங்க நேரமாகும். சுவர் முதலில் வெப்பத்தை விழுங்கும். பழைய அறையை மறித்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, பிளைவுட் ஒட்டி ஏ.சி. அறையாக்கும்போது இந்த இரண்டு லாபமும் போகிறது. ஓட்டல்களாக மாறும் வீடுகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எண்ணெய், சிலிண்டர்

15 கிலோ எண்ணெய் டின் 31 கிலோ மரத்துக்குச் சமம், 14.2 கிலோ சிலிண்டர் 36 கிலோ மரத்துக்குச் சமம். வெப்பக் கணக்கில் பீரோவுக்கே ஈடில்லை. அபாயம் அளவில் இல்லை. எல்.பி.ஜி. காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே வெடிக்கும் கலவை. நம் அறை முழுதும் அந்த நிலைக்கு வர ஒன்றரைக் கிலோ கசிந்தால் போதும். காற்றைவிடக் கனமான வாயு தரையோடு தேங்குவதால் அதற்கு முன்பே கீழ்ப்பாதி தயாராகிவிடும். உயரமான கூரை இங்கே உதவாது. சிலிண்டர் உதிரியாக இருந்தால் மூன்றாங்கட்டுக்கு (வீட்டின் பின்பகுதிக்கு) அப்பால் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மூடிய சாமான் அறையில் வைக்கவே வேண்டாம்.

பலகாரம் சுடும்போது சட்டி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 1,700 லிட்டர் நீராவியாகி எண்ணெயைத் தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

எட்டாம் படி: எதை முதலில் வெளியேற்றுவது

பட்டியல் கையில் இருக்கிறது. எடை அதிகமானதை முதலில் தூக்கத் தோன்றும். பீரோவில் கை வைக்காதீர்கள். முதலில் ஃபோம். அடுத்து வைக்கோலும் கோணியும் தெர்மாகோலும். பித்தளையைச் சும்மா துடைத்து அடுக்கினாலே அது இன்னும் நூறு வருடம் இருக்கும். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு. கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சியவை ஒரே அறையில் கூரை வரை நிற்கும். அவற்றைப் பின்கட்டுக்கு வெளியே கொட்டகையில் போடலாம். பேரேடுகளை வெளியே போடச் சொல்லவில்லை, அவை ஊரின் வரலாறு. இரும்பு பீரோவுக்குள் இறுக்கமாக அடுக்குங்கள். அதன் எரியும் பரப்பு அத்தோடு அடங்கும்.

மீதியைச் சுவர் ஓரங்களில் பிரித்து வைத்து, நடுவில் இடைவெளி விடுங்கள். கூரைக்குக் கீழே இரண்டடியாவது காலியாக இருக்கட்டும். பரணில் துணி மூட்டை வேண்டாம், அங்கேதான் முதலில் அனல் தேங்கும். பழைய துணிச்சுற்று ஒயர் இன்னும் ஓடுகிற அறையில் சாமானைக் குறைப்பதைவிட ஒயரை மாற்றுவது முதல் வேலை, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சேர்த்துப் போடுங்கள். விளக்கேற்றும் மாடத்துக்கும் திரைக்கும் மூன்றடியாவது தள்ளி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் வியாபாரம் செய்வோருக்கு மட்டும் ஒரு சொல். இடித்த வீடுகளின் கதவு, நிலை, சட்டம் எல்லாம் சாய்த்து வைத்த கிடங்கில் சதுர மீட்டருக்கு 100 கிலோ மரம் வருவது சாதாரணம். அது 1,800 மெகாஜூல், இங்பெர்க் கணக்கில் இரண்டு மணி நேரம். நடுவில் செங்கல் சுவர் வைத்துக் கிடங்கை இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதியாவது மிஞ்சும். சாய்த்து நிறுத்திய பலகைகளுக்கு இடையே இருக்கும் விரல் இடுக்குதான் தீக்கு மிகப் பிடித்த இடம். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கையில் அடுக்குங்கள்.

ஒன்பதாம் படி: தீயணைப்பானும் தொலைபேசியும்

வளவில் ஒன்று, அடுப்படி வாசலில் ஒன்று என ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் வையுங்கள், 4 அல்லது 6 கிலோ. பவுடர் கொழுந்தை அடக்கும், பஞ்சு மெத்தைக்குள் இருக்கும் கனலை அடக்காது. அதற்குத் தண்ணீர்தான், மெத்தையை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு, கிழித்து, நனைக்க வேண்டும். ஒரு தீயணைப்பானால் அடங்காவிட்டால் இரண்டாவதைத் தேடாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள்.

101 அல்லது 112-ஐ அழைக்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். நம் வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகின்றன. முகப்பில் நிற்கும் வண்டிக்கும் மூன்றாங்கட்டுத் தீக்கும் இடையே முழு வீடே இருக்கும். எந்தக் கட்டில் தீ, எந்தத் தெரு வாசல் கிட்டம், பின் வாசல் பூட்டின் சாவி யாரிடம், உள்ளே சிலிண்டர் எங்கே, கேணி எந்தப் பக்கம் என்பதை ஒரு தாளில் எழுதி, காவலுக்கு இருப்பவரிடமும் பக்கத்து வீட்டிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீடு திறக்கும்போது அந்தத் தாளையும் சாமான் பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்தால் போதும். விசேஷம் முடிந்த மறுநாள்தான் சாமான் அறைகள் மிக அதிகமாக நிரம்பியிருக்கும்.